பேர்பெச்சுவாவும் பாண்பெட்டியும்

மேற்கு ஜெர்மனியின் பீலெஃபெல்டுக்கு வந்த முதல் வருஷம் முழுக்கப் பேர்பெச்சுவாவின் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. வெளிநாட்டவர் அலுவலகத்தில் தன் இலக்கத்தைக் கூப்பிடும்வரை காத்திருக்கும்போது, மடியில் கிடந்த கைப்பையின் மேல் பத்து விரலும் ஓடும். அகதிகள் விடுதியின் சாப்பாட்டு மேசையில் ஓடும். தேவாலயப் பூசையில் பிரசங்கம் நீண்டுவிட்டால் முன்வாங்கின் முதுகில் ஓடும்.

"இஞ்சரும், சுவாமி சொல்லுறதை அப்பிடியே அடிக்கிறீரோ?" என்று கணவர் ஞானப்பிரகாசம் காதுக்குள் கேட்பார்.

"ஓம், மூண்டாம் பக்கத்தில நிக்கிறன். பேசாமல் இருங்கோ."

பாசையூரில் கடற்றொழில் செய்த குடும்பம் அவளுடையது. வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அதற்குமேல் படிக்க வழியில்லாமல் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு தட்டச்சுப் பாடசாலையில் சேர்ந்தாள். அங்கே விசைகளைப் பார்த்து அடிப்பது பெரிய குற்றம். கைகளின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிடுவார்கள். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தன் பாட்டில் போக வேண்டும். ஆறு மாதத்தில் அவள் விரல்கள் அப்படிப் போகப் பழகின. பிறகு சட்டத்தரணி தம்பித்துரையின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலத்தில் வழக்குப் பத்திரங்களும் கடிதங்களும் அடித்தாள். ஒரு பத்திரத்தில் ஒரு பிழை வந்தாலும் நீதிமன்றத்தில் திருப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவளுடையது இரண்டுமுறைதான் திரும்பி வந்தது. அந்த இரண்டின் திகதியும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

எண்பத்து நாலில் போர் வந்து அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்குக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து பீலெஃபெல்ட் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினார்கள். தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது, நகரத்தை விட்டு வெளியே போகக்கூடாது. முப்பத்து மூன்று வயதில், நிமிஷத்துக்கு அறுபது சொல் அடிக்கக்கூடிய ஒருத்தி, காலை எட்டு மணிக்குக் குளித்து உடுத்து, போக ஓர் இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமைகளில் கத்தோலிக்கத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் அகதிகளுக்கு டொச்சு என்னும் ஜெர்மன் மொழி வகுப்பு இலவசமாக நடந்தது. எண்பத்தாறு ஒக்டோபரில் ஒருநாள் ஆசிரியைக்குக் காய்ச்சல் என்று வகுப்பு நின்றுவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். பேர்பெச்சுவா மட்டும் மாடிப்படியின் அடியில் நின்றாள். நிலவறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டக். நீண்ட அமைதி. டக். இன்னும் நீண்ட அமைதி. டக்.

யாரோ எழுத்துத் தேடுகிறார்கள் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

கீழே, சூடாக்கும் கொதிகலனுக்கு அடுத்த அறையில் ஆறு ஆண்கள் இருந்தார்கள். மேசையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதன் முன்னால் கணினி முழுவதையும் தனக்குள் வைத்திருந்த, மண்ணிறத்தில் தடித்த ஒரு விசைப்பலகை, பக்கத்தில் ஒரு கசெற் இயந்திரம், ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோல், வயர்த் துண்டுகள், பாதி கேக். கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு சஞ்சிகையைப் பார்ப்பதும் விசையைத் தேடுவதுமாக இருந்தார். மருந்துக்கடை வைத்திருந்த ஓபர்ஷெல்ப் அவர். ராணுவ எழுதுவினைஞராக இருந்தபோது பத்து விரலாலும் அடிக்கப் பழகியவர்தான். ஆனால் இந்தக் கணினியின் விசைகள் ஆங்கில வரிசையில் இருந்தன. டொச்சு வரிசையில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். பழகிய விரல் ஒவ்வொரு முறையும் பிழையான வீட்டுக் கதவைத் தட்டியது. கடைசியில் வெறுத்துப்போய் ஒற்றை விரலுக்கு இறங்கியிருந்தார்.

பேர்பெச்சுவாவுக்குப் பொறுக்க முடியவில்லை. "நான் அடிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கதிரையில் உட்கார்ந்து விரல்களை வைத்தாள். யாழ்ப்பாணத்தில் பழகிய அதே வரிசை. சஞ்சிகையில் இருந்த நான்கு வரிகளை அவள் அடித்து முடித்தபோது ஓபர்ஷெல்பின் கையில் இருந்த கேக் இன்னும் வாய்க்குப் போகவில்லை.

"கடவுளே," என்றார் பக்கத்தில் நின்ற ரூடிகர். "இது இயந்திரத் துப்பாக்கி."

ரூடிகர் டிராம் பணிமனையில் மின்வினைஞர். அந்த ஆறு பேரின் கணினிக் கழகத்தைத் தொடங்கியவர். அவளுடைய பெயரைக் கேட்டார். ஞானப்பிரகாசம் என்ற பகுதியை மூன்றுமுறை முயன்று கைவிட்டார். பேர்பெச்சுவா என்ற பகுதி வந்ததும் ஆறு பேரும் சிரித்துத் தலையாட்டினார்கள். பூசையில் சொல்லப்படும் புனிதையின் பெயர் அது. அன்றிலிருந்து அவள் ஃபிராவ் பேர்பெச்சுவா, திருமதி பேர்பெச்சுவா.

கணினியை அவர்கள் ரொட்டி வைக்கும் பாண்பெட்டி என்றார்கள். உருவம் அப்படி. விடுதியில் இதைச் சொன்னபோது ஞானப்பிரகாசம், "பாண் வருமோ உள்ளேயிருந்து?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உது வேலை எண்டு ஆரும் எழுதிப்போட்டால்?"

"சம்பளம் இல்லை."

"அப்ப பயமில்லை. சம்பளம் இல்லாததை ஆரும் வேலை எண்டு சொல்லமாட்டினம்."

அடுத்த சனிக்கிழமை டொச்சு வகுப்பு முடிந்ததும் அவள் கீழே இறங்கினாள். அதற்கடுத்த சனியும் இறங்கினாள். கழகத்தின் மாதத்தாளை அடித்துக் கொடுத்தாள். புள்ளிகளால் எழுதும் அச்சு இயந்திரம் கர்ரென்று அதை எழுதித் தள்ளும்போது பக்கத்தில் நின்று பார்த்தாள். கணினியின் கையேட்டை இரவல் வாங்கிப் போய் விடுதியில் வாசித்தாள். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஆறு பேரும் மந்திரம்போல மனப்பாடம் செய்திருந்த 'இஃப்', 'தென்', 'நெக்ஸ்ட்' எல்லாம் அவளுக்கு வெறும் சொற்கள். இப்படியானால் இதைச் செய், இல்லையானால் அடுத்ததைப் பார். தம்பித்துரையின் பத்திரங்களைவிட எவ்வளவோ சுத்தமான மொழி என்று நினைத்தாள். ஆனால் தன் பாட்டில் ஒன்றை எழுதிப் பார்க்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. எழுதுபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர். அவள் அறிந்த உலகம் அப்படித்தான் பிரிந்திருந்தது.

எண்பத்தேழு வசந்தத்தில் வெஸ்லிங் சுவாமி நிலவறைக்கு இறங்கி வந்தார். பங்குக்குப் புதிதாக வந்தவர், நல்ல மனுஷன், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்பவர். கம்பளி பின்னும் மாதர் குழு, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் குளிரில் உட்கார்ந்து பின்னுகிறது, அவர்களுக்கு இந்தச் சூடான அறை வேண்டுமாம் என்றார்.

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று பங்கில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. யூன் மாதம் பங்கு விழா வருகிறது. அங்கே எல்லோருக்கும் விளங்கும்படி எதையாவது காட்டுங்கள். காட்டினால் அறை உங்களுக்கு. இல்லாவிட்டால் ஃபிராவ் பிரிங்மனின் மாதர் குழுவுக்கு."

"இந்த முறை டொம்போலாவைக் கணினியே குலுக்கும்," என்றார் ரூடிகர், யாரையும் கேட்காமல்.

டொம்போலா என்பது விழாவின் அதிர்ஷ்டச் சீட்டு. இவ்வளவு காலமும் பங்கின் சுவாமிமார் ஒரு தொப்பிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்துவந்தார்கள்.

வெஸ்லிங் சுவாமி மேலே போனபின் அறையில் பெரிய கலகலப்பு. பேர்பெச்சுவா மட்டும் வேறொரு கணக்குப் பார்த்தாள். அறை போனால் ரூடிகர் வீட்டுக்குப் போவார், அங்கே அவருக்கு ஒரு கணினி இருந்தது. ஓபர்ஷெல்பிடம் இரண்டு இருந்தன. அவளுக்கு விடுதியில் இருந்தது இரண்டு கட்டிலும் ஒரு அலுமாரியும். வாரம் முழுவதும் விண்ணப்ப இலக்கமாக இருந்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் ஃபிராவ் பேர்பெச்சுவாவாக இருக்கும் அந்த ஐந்து மணித்தியாலமும் போய்விடும்.

அந்தக் காலத்தில் வீட்டுக் கணினிக்கு நிரல்கள் சஞ்சிகைகளில் அச்சாகி வரும். வாசகர் அதைப் பார்த்துத் தன் கையால் முழுவதையும் அடிக்க வேண்டும். ஓர் இடத்தில் பிசகினாலும் இயந்திரம் நின்றுவிடும். ரூடிகர் தேடிப்பிடித்த டொம்போலா நிரல் பதினான்கு பக்கம். திரையில் வண்ணச் சக்கரம் சுழலும், இசை வரும், வென்ற சீட்டின் இலக்கம் பெரிதாகத் தோன்றும். இவ்வளவையும் செய்வதற்காகப் பக்கம் பக்கமாக இலக்கங்கள் நிரம்பிக் கிடந்தன. சஞ்சிகை தபாலில் வந்து சேர்ந்ததே விழாவுக்கு எட்டு நாள் முன்னால்தான்.

"ஆளுக்கு இரண்டு பக்கம் எடுத்தால்..." என்று ஓபர்ஷெல்ப் கணக்குப் பார்த்தார். "யூலையில் முடியும்."

"விழா அடுத்த ஞாயிறு," என்றார் ரூடிகர்.

"என்னிடம் தாருங்கள்," என்றாள் பேர்பெச்சுவா.

வரி எண்களை இயந்திரமே வரிசையாகப் போட்டுக்கொள்ளும்படி ரூடிகர் ஒழுங்கு செய்து கொடுத்தார். அவள் சஞ்சிகையைச் சாய்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். காலை பத்து மணி. கண் தாளில், விரல் விசையில். திரையை அவள் ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்ப்பது அவமானம் என்று பழகியவள். முதல் அரை மணித்தியாலம் ஆறு பேரும் சுற்றி நின்று பகிடி விட்டார்கள். பிறகு பகிடி நின்றது. மழை ஓட்டில் விழுவதுபோல ஒரே சீரான சத்தம் மட்டும் கேட்டது. மத்தியானம் சூப் குடித்தாள். நாலு மணிக்குக் கடைசி வரியை அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்தாள்.

ரூடிகர் அதைக் கசெற்றில் இரண்டுமுறை பதிந்தார். பிறகு ஓடவிடும் கட்டளையைக் கொடுத்தார்.

2040ஆம் வரியில் பிழை என்று எழுதிவிட்டுக் கணினி நின்றது.

"ஒன்றுதானே," என்றார் ஓபர்ஷெல்ப். "பதினான்கு பக்கத்துக்கு ஒன்று அதிசயம்."

ரூடிகர் அந்த வரியைத் திரைக்கு அழைத்தார். பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். அடுத்த வரியை அழைத்தார், அதற்கடுத்ததையும்.

"ஃபிராவ் பேர்பெச்சுவா, இலக்கங்களுக்கு நடுவில் ஏன் எல் எழுத்து நிற்கிறது?"

அவள் திரையைப் பார்த்தாள். 169 இருக்க வேண்டிய இடத்தில் எல், ஆறு, ஒன்பது. 141 இருக்க வேண்டிய இடத்தில் எல், நாலு, எல். மேலிருந்து கீழ்வரை, எங்கெல்லாம் ஒன்று வர வேண்டுமோ அங்கெல்லாம் எல்.

அவள் முகம் சுட்டது. தம்பித்துரையின் அலுவலகத்தில் இருந்த பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஒன்று என்ற இலக்கத்துக்கு விசையே கிடையாது. இரண்டிலிருந்துதான் தொடங்கும். ஒன்று வேண்டுமானால் சின்ன எல்லை அடிக்க வேண்டும், தாளில் அது ஒன்றுபோலவே விழும். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பழகிய எல்லோரும் அப்படித்தான் அடித்தார்கள். வாசிக்கும் மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். பன்னிரண்டு வருஷம் அவளுடைய வலது மோதிர விரல் ஒன்று என்றால் எல்லுக்குத்தான் போய்வந்தது. இந்தப் பலகையின் மூலையில் ஒன்றுக்கென்று தனியாக ஒரு விசை இருந்தது. விரலுக்கு அந்தச் செய்தி போகவில்லை.

அவள் திக்கித் திக்கி விளக்கினாள். ஓபர்ஷெல்ப் திடீரென்று எழுந்து மாதத்தாள்களைத் தேடி எடுத்தார். "இங்கே பாருங்கள்! எல் தொள்ளாயிரத்து எண்பத்தேழு! ஐந்து மாதமாக நாமும் வாசித்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது குத்தலான சிரிப்பு இல்லை. ஆனாலும் அவளால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. இரண்டே இரண்டு பத்திரம் திரும்பி வந்தவள் அவள்.

"ஒரு பக்கத்தில் நூறு இருக்கும்," என்றார் ரூடிகர், சிரிப்பு அடங்கியபின். "பதினான்கு பக்கம். வாரநாளில் அறை புதன்கிழமை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும்."

"திரும்ப முழுவதும் அடிக்கிறேன்," என்றாள்.

"திரும்பவும் விரல் எல்லுக்குத்தான் போகும். பரவாயில்லை. சுவாமி தொப்பியைக் கொண்டுவரட்டும். அறை போனால் போகட்டும், ஃபிராவ் பேர்பெச்சுவா. நாங்கள் செய்திருந்தால் பாதிப் பக்கம்கூட வந்திருக்காது."

அந்த ஆறுதல்தான் அவளுக்கு மிகவும் கசந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு விடுதி அறையில் அவள் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானப்பிரகாசம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"நேற்றையிலயிருந்து ஒரு சொல்லுக் கதைக்கேல்லை நீர். எத்தினை பிழை?"

"ஆயிரத்துக்கு மேல."

"அம்மாடி. ஆயிரம் விதமோ?"

"ஆயிரம் விதமில்லை. ஒரே பிழைதான். ஆயிரம் தரம்."

சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். ஒரே பிழை. பிழைவிட்டாலும் ஒழுங்காகத்தான் விட்டிருக்கிறாள். கண்ணயர்ந்து ஓரிடத்தில் ஒன்று, வேறிடத்தில் இன்னொன்று என்று சிதறவில்லை. ஒரு சட்டம் போட்டதுபோல விழுந்திருக்கிறது. சட்டமாக விழுந்ததைச் சட்டமாகவே எடுத்துவிட ஏலாதா?

கையேட்டில் இருந்தது. அடித்து வைத்த நிரல், இயந்திரத்தின் ஞாபகத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு பெட்டியில் வரிசையாகக் கிடக்கிறது. ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு கட்டளை இருந்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க இன்னொரு கட்டளை இருந்தது. முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை நடக்க வேண்டும். எல் நின்றால் பக்கத்தில் பார்க்க வேண்டும். பக்கத்தில் இலக்கம் இருந்தால் அது எல் இல்லை, ஒன்று. மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் தொடக்கூடாது, அது திரையில் வாசிக்கிறவருக்கான சொல்.

பூசைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒன்பது வரி வந்தது. எழுதியபின் பயம் வந்தது. யாரோ எழுதியதை அடிக்கும்போது பிழை அடிப்பில் மட்டும்தான் இருக்கும். இதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து இருங்கோ. நீங்கள்தான் கொம்பியூட்டர்."

"நானோ?"

"நான் கேக்கிறதுக்கு ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. சொந்தமா ஒண்டும் யோசிக்கக்கூடாது."

"கலியாணம் கட்டின நாள் துவக்கம் அதைத்தானே செய்யிறன்."

ஒரு வரியைத் துண்டுத் தாள்களில் எழுத்தெழுத்தாக எழுதி மேசையில் அடுக்கினாள். ஞானப்பிரகாசம் ஒவ்வொன்றாக விரல் வைத்து நகர்ந்தார். எல். பக்கத்தில் இலக்கமா? ஓம். மாற்று. ஆறு. ஒன்பது. காற்புள்ளி. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

"உதென்ன, இந்த எல் தனிச்சு நிக்குது. ரெண்டு பக்கமும் காற்புள்ளி. பக்கத்தில இலக்கம் இல்லை. விட்டுட்டுப் போறன்."

"விடாதேங்கோ! அது ஒண்டு!"

"நீர்தானே யோசிக்கக்கூடாது எண்டனீர்?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு நாளில் முதல்தரமாகச் சிரித்தாள். காற்புள்ளியையும் சேர்த்துக்கொண்டாள். பின்னேரம் முடியுமுன் அவர் என்னும் கணினி நான்கு வரிகளைப் பிழையில்லாமல் திருத்தி முடித்துவிட்டு, பசிக்கிறது என்று சொன்னது.

புதன்கிழமை நிலவறையில் ரூடிகர் அந்தப் பூசைத் தாளை வாங்கி வாசித்தார். ஒன்பது வரிக்கு வெகுநேரம் எடுத்தார். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை யார் எழுதியது?"

"நான்."

"ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு வரியின் தலையிலும் இயந்திரம் தன் தேவைக்காக நாலு பெட்டி வைத்திருக்கும். தற்செயலாக அங்கேயும் எல்லின் எண் இருக்கலாம். அதைத் தொட்டால் எல்லாம் குழம்பிவிடும். அந்த நாலையும் தாண்டிப் போகச் சொல்லுங்கள்."

"எப்படி?"

"எனக்கு ஏன் தெரியவேண்டும்?" என்றார் ரூடிகர், முகத்தில் சிரிப்பை மறைத்துக்கொண்டு. "எழுதுகிறவர் நீங்கள்."

கால் மணித்தியாலம் யோசித்து இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக விசைகளைப் பார்த்து அடித்தாள். ஒவ்வொரு ஒன்று வரும்போதும் வலது கையை மடக்கிக்கொண்டு, இடது கையின் ஒற்றை விரலால் மூலையில் இருந்த அந்த விசையைக் குத்தினாள். ஓபர்ஷெல்ப், "இப்போதுதான் நீங்கள் எங்கள் கழகத்து ஆள்மாதிரி அடிக்கிறீர்கள்," என்றார்.

ஓடவிட்டாள். திரையில் ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. ஓபர்ஷெல்ப் கோப்பி ஊற்றினார், யாரும் குடிக்கவில்லை. மூன்று. "தூங்கிவிட்டதா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். நாலாவது நிமிஷம் முடியும் நேரத்தில், வெறும் திரையில் ஓர் எண் வந்து நின்றது. 1386. அவ்வளவு எல்களையும் இயந்திரம் ஒன்றாக்கிவிட்டிருந்தது.

டொம்போலாவை ஓடவிட்டார்கள். 3310இல் ஒரு காற்புள்ளி குறைவு. திருத்தினாள். 3870இல் இன்னொரு பிசகு. திருத்தினாள். மூன்றாவது முறை இசை கேட்டது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சக்கரம் சுழன்றது. ஆறு ஆண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போலக் கத்தினார்கள். மேலே பாடகர் குழு பயிற்சியை நிறுத்திவிட்டு என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில். பங்கு மண்டபத்தில் சொசேஜ் புகையும் கேக்கும் சனமும் நிறைந்திருந்தது. ஞானப்பிரகாசம் விடுதியிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருத்தினார். "அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறது என்ரை மனிசி" என்று, தமிழ் தெரியாதவர்களிடமும் தமிழிலேயே சொன்னார்.

கடைசிப் பரிசிலிருந்து முதற் பரிசுவரை சக்கரம் பன்னிரண்டுமுறை சுழல வேண்டும். பதினொருமுறை சுழன்றது. ஒவ்வொருமுறையும் சனம் மூச்சை அடக்கி, இலக்கம் வந்ததும் ஆர்ப்பரித்தது. பன்னிரண்டாவதில் இசை உயர்ந்தது. சக்கரம் நின்றது. முதற் பரிசுக்கு மட்டும் திரையில் பெரிய எழுத்தில் பரிசின் பெயரும் வந்தது. முதலாவது என்பதற்கு ஒன்று போட்டிருக்க வேண்டிய இடத்தில், ஒரு எல்.

மேற்கோளுக்குள் இருந்தது. தொடாதே என்று அவளே சொல்லி வைத்தது.

"இது என்ன எல் பரிசு?" என்று வெஸ்லிங் சுவாமி ஒலிபெருக்கியில் கேட்டார்.

ரூடிகர் ஒரு வயரைச் சரிபார்க்கக் குனிந்தார். ஓபர்ஷெல்ப் கூரையைப் பார்த்தார். பேர்பெச்சுவா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனாள். இவ்வளவு சனத்துக்கு முன்னால் அவள் டொச்சு பேசியதில்லை.

"அது ஒன்று, சுவாமி. நான் ஒரே பிழையை ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழு தரம் விட்டேன். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறைக் கணினி திருத்தியது. இது மிச்சம்."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. வென்ற சீட்டு 214. கூட்டத்தில் வெள்ளைத் தலையுடன் ஓர் உயரமான பெண் சீட்டை உயர்த்திக்கொண்டு எழுந்தார். கம்பளி பின்னும் குழுவின் தலைவி ஃபிராவ் பிரிங்மன்.

"முடிந்தது நம் கதை," என்று ஓபர்ஷெல்ப் முணுமுணுத்தார். "எதிரிக்கே கொடுத்துவிட்டது நம் பெட்டி."

ஃபிராவ் பிரிங்மன் மேடைக்கு வந்தார். பரிசான பன்றித்தொடையைக் கையில் வாங்கியவர் இறங்கிப் போகவில்லை. திரையில் நின்ற சக்கரத்தின் மிக அருகில் போய், கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். தொடைகூடக் கையில் மறந்து தொங்கியது.

"இந்தப் படம் சின்னச் சின்னக் கட்டங்களால்தானே ஆகியிருக்கிறது?"

"ஆமாம்," என்றாள் பேர்பெச்சுவா.

"ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். எங்கள் பின்னல் மாதிரியும் இப்படித்தான். ஒரு கட்டம் ஒரு கண்ணி. நாங்கள் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் படம் கீறிக் கீறி அழிக்கிறோம். கலைமான் ஒன்று போட்டால் கொம்பு எப்போதும் கோணிவிடும். இதில் கலைமானைக் கீறி, பிடிக்காவிட்டால் மாற்றி, நிறத்தையும் மாற்றிப் பார்க்க முடியுமா?"

பேர்பெச்சுவா ரூடிகரைப் பார்த்தாள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"முடியும்," என்றாள். சொன்ன பிறகுதான், தெரியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரியாது. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும்போல இருந்தது.

"அப்படியானால்," என்று ஃபிராவ் பிரிங்மன் சுவாமியின் பக்கம் திரும்பினார், "எங்களுக்கு அந்த அறை வேண்டும். ஆனால் பெட்டியோடும் இந்தப் பெண்மணியோடும் வேண்டும். மற்ற ஆறு ஆண்களும் மூலையில் இருக்கட்டும், தொந்தரவில்லை."

சுவாமி அப்படியே தீர்த்து வைத்தார். அந்த யூன் மாதத்துக்குப் பிறகு நிலவறையில் சனிக்கிழமைகளில் ஒரு பக்கம் சூட்டுக்கோல் புகை, மறுபக்கம் கம்பளி உருண்டைகள். ஆண்களின் வயர்த் துண்டுகள் பின்னலுக்குள் சிக்கின, பெண்களின் நூல் கசெற் இயந்திரத்துக்குள் போயிற்று. கேக் மட்டும் பலமடங்கு நல்லதாயிற்று.

பேர்பெச்சுவாவின் பின்னல் நிரல் இலையுதிர் காலம்வரை இழுத்தது. பலமுறை நின்றது, பலமுறை தலைகீழாகக் கீறியது. ஒருமுறை மான் முழுவதும் பச்சையாக வந்து, அதையே ஒருத்தி பேரனுக்குப் பின்னினாள். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அலுவலகத்தில் காத்திருக்கும்போது அவள் விரல்கள் இப்போது ஓடுவதில்லை. கட்டம் போட்ட ஒரு கொப்பியில் பென்சிலால் எதையாவது குறித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய இலக்கத்தை இரண்டுமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை ரூடிகர் புதிய சஞ்சிகையோடு பாய்ந்து வந்தார். விமானம் ஓட்டும் விளையாட்டு, இருபத்திரண்டு பக்கம்.

"ஃபிராவ் பேர்பெச்சுவா! உங்களுக்கு இது ஒரு நாள் வேலை. 'ஒன்று' விசைக்கு நான் சிவப்புப் பூசித் தருகிறேன்!"

அவள் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"இன்றைக்கு ஏலாது. நீங்களே அடியுங்கள், ரூடிகர். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"இடது கொம்பில் இரண்டு கண்ணி குறைகிறது," என்றார் அவளுக்குப் பின்னால் பின்னிக்கொண்டிருந்த ஃபிராவ் பிரிங்மன்.

"ஓம், கண்டனான்," என்று பேர்பெச்சுவா தன்னை மறந்து தமிழில் சொல்லிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு விசைப்பலகையை அருகில் இழுத்தாள்.